தென்திருவிதாங்கூர் எல்லையில் கடத்தல்: சொல்லும் சட்டமும்

நெய்யாற்றின்கரை வட்டத்துப் பாறசாலையும் விளவங்கோடு வட்டத்துக் களியக்காவிளையும் ஒரே நெடுஞ்சாலையில் அடுத்தடுத்து அமைந்த ஊர்கள். முன்னது கேரளத்திலும் பின்னது தமிழ்நாட்டிலும் உள்ளன. இவ்விரு ஊர்களுக்கும் இடைப்பட்ட சாலைகளில் அரிசியோ மண்ணெண்ணெயோ எரிசாராயமோ பிடிபடும்போது தமிழ் நாளிதழ்கள் அச்செயலைக் 'கடத்தல்' என்னும் ஒரே சொல்லால் குறிக்கின்றன. மலையாள நாளிதழ்கள் 'கள்ளக்கடத்து' என எழுதுகின்றன. அச்சொல்லின் வரலாற்றையும், அதனால் சுட்டப்படும் செயலுக்குக் காலந்தோறும் விதிக்கப்பட்ட தண்டனையின் வரலாற்றையும் ஒருங்கே வைத்து நோக்க இக்கட்டுரை முற்படுகிறது. இரு மாநிலங்களுக்கு இடையேயான எல்லையில் சட்டம் தண்டிப்பது ஓர் ஆணையின் மீறலை. அம்மீறலுக்குக் கடத்தல் என்று பெயரிட்டது மொழிவழக்கு. ஆணைகள் வந்து வந்து போயின, பெயர் நிலைத்துவிட்டது. இவ்வேறுபாடு கவனிக்கப்படாமையால் விளைந்த குழப்பம் சிறிதன்று.

1. கடத்தலும் கடத்தும்

'கட' என்பது தன்வினை. 'கடத்து' அதன் பிறவினை. ஒன்றைக் கடக்கச் செய்தலே கடத்தல் என்பதன் அடிப்படைப் பொருள். காலம் கடத்துதல் என்னும் வழக்கில் பழி ஏதுமில்லை. சோம்பல் குறித்த சிறு குறை மட்டுமே உண்டு. அறிவியல் தமிழில் 'மின்கடத்தி' என்று ஆக்கிக்கொண்டபோது எவருக்கும் ஐயம் தோன்றவில்லை. இதே வேரினின்று கிளைத்த 'கடவு' வழி, துறை ஆகியவற்றைக் குறிக்கும். அதனோடு சீட்டு என்பதைச் சேர்த்துக் 'கடவுச்சீட்டு' என அயல்நாட்டுப் பயணத்துக்குரிய ஆவணத்துக்குப் பெயர் வைத்தோம். எல்லையை முறைப்படி கடப்பவனுக்குத் தரப்படும் தாளும், முறைதவறிப் பொருளைக் கடக்கச் செய்பவன்மீது ஏற்றப்படும் குற்றமும் ஒரே வேரில் முளைத்தவை.

மலையாளத்தில் நிலைமை சற்று வேறானது. அங்குக் 'கடத்து' என்பது ஆற்றைத் தோணியில் கடக்கச் செய்யும் தொழில். தோணி ஓட்டுபவர் 'கடத்துக்காரன்', தோணி 'கடத்துவள்ளம்'. நெய்யாற்றின் கரையில் பிறந்த ஒருவருக்கு இச்சொல் இன்றும் நன்மதிப்புக்குரிய ஒரு தொழிலின் பெயராகவே ஒலிக்கும். ஆகவே குற்றத்தைச் சுட்ட விரும்பும் மலையாளி 'கள்ள' என்னும் அடையை முன்னே வைத்தே தீரவேண்டும். தமிழில் கடத்து என்னும் பெயர்ச்சொல் தோணித்துறையில் வேரூன்றாமையால் அடைக்குத் தேவை குறைந்தது. முன்னர்ப் பெருக வழங்கிய 'கள்ளக்கடத்தல்' இன்று பெரும்பாலும் கடத்தல் எனக் குறுகிவிட்டது. அடை உதிர்ந்தபின் அதன் பழி முழுவதும் அடிச்சொல்லின் தலையில் ஏறிவிட்டது. பொருளிழிபு என்று மொழியியலார் கூறும் மாற்றத்துக்கு இதனினும் தெளிவான சான்று காண்பதரிது. எல்லையின் இருபுறமும் உறவினர் உள்ள குடும்பங்களில் கடத்துக்காரர் ஒருவரும் கடத்தல்காரர் ஒருவரும் இருந்தால், பெயரளவில் அவர்களைப் பிரித்தறிய அயலூரார் சற்றுத் திகைக்க நேரும்.

இதனையொட்டிய வேறு சில இணைகளும் நோக்கத்தக்கன. தமிழில் கள்ளச்சந்தை எனப்படுவது மலையாளத்தில் 'கரிஞ்சந்த'. இங்குப் பதுக்கல், அங்குப் 'பூழ்த்திவைப்பு'. இங்குக் கள்ளச்சாராயம், அங்கு 'வியாஜமத்யம்'. வியாஜம் என்பது போலி. மலையாளச் சொல் சரக்கின் பொய்ம்மையைச் சுட்டுகிறது. தமிழ்ச்சொல் செயலின் மறைவைச் சுட்டுகிறது. ஒரு சொல்லை வைத்து ஒரு மக்களின் மனப்பாங்கை அளந்துவிடுவது நம் துறையில் அடிக்கடி நேரும் அவசரம். அதனை இங்குத் தவிர்ப்பதே நன்று. களியக்காவிளைச் சந்தையில் கடை வைத்திருப்பவர் இவ்விரு தொகுதிச் சொற்களையும் அறிவார். எதிரே நிற்பவரைப் பார்த்து ஏற்ற சொல்லைத் தேர்வார்.

சுங்கத்தைக் குறிக்கும் சொற்கள் தமிழில் மிகப் பழையன. பெரும்பாணாற்றுப்படை, மிளகுப்பொதி சுமந்த கழுதைச் சாத்து உல்கு பெறும் பெருவழியில் செல்வதையும் அவ்வழியை வில்வீரர் காப்பதையும் கூறுகிறது. பட்டினப்பாலை, புகாரில் பொதிகளின்மேல் புலிப்பொறி இட்டுச் சுங்கம் கொண்ட அலுவலரைக் காட்டுகிறது. திருக்குறள் உல்குபொருளை அரசனுக்குரிய வருவாய்களுள் ஒன்றாக எண்ணுகிறது. முதற்குலோத்துங்கன் (1070-1120) சுங்கம் தவிர்த்த சோழன் எனப் புகழ்பெற்றான். தண்டியவனுக்குப் பெயருண்டு, தவிர்த்தவனுக்கும் பெயருண்டு. மேற்சொன்ன இரு பாட்டுகளிலும் உல்கு கொடாமல் ஒளித்துச் சென்றவனுக்குப் பெயரில்லை.

2. ஆரல்வாய்மொழிக் காலம்

பாறசாலை எல்லையூரானது 1956இல்தான். அதற்கு முன் திருவிதாங்கூரின் தென்கிழக்கு வாயில் ஆரல்வாய்மொழி. மேற்குத் தொடர்ச்சி மலை தாழ்ந்து வழிவிடும் அக்கணவாயில் மதிலும் வாயிலும் இருந்தன. 1809 பிப்ரவரியில் வேலுத்தம்பித் தளவாயின் படையை வென்று ஆங்கிலேயர் உட்புகுந்ததும் அவ்வழியேதான். போர்க்காலத்தில் அரணாக இருந்தது அமைதிக் காலத்தில் சுங்கத்துறையாயிற்று. சுங்கச்சாவடிக்குத் திருவிதாங்கூர் ஆட்சிவழக்கில் 'சௌக்கை' என்று பெயர். வடநாட்டு 'சௌக்கி' தெற்கே வந்து நிலைத்த வடிவம் அது.

மார்த்தாண்டவர்மர் (1729-1758) காலந்தொட்டு மிளகு வாணிகம் அரசின் தனியுரிமையாயிற்று. புகையிலை, உப்பு ஆகியனவும் அவ்வாறே அரசின் கைக்குள் வந்தன. இத்தனியுரிமை மலையாளத்தில் 'குத்தக' எனப்படும். இது தமிழின் குத்தகையே. தமிழில் குத்தகை என்பது நிலத்தையோ வருவாயினத்தையோ குறித்த காலத்துக்குப் பிறரிடம் ஒப்படைத்தல். மலையாளத்தில் அதே சொல் ஒருவரே முழுவதையும் பற்றிக்கொள்ளும் ஏகபோகத்தைக் குறிக்கலாயிற்று. வரிப்பண்ணைக் குத்தகையிலிருந்து ஏகபோகத்துக்குச் சொல் நகர்ந்த பாதையும், அரசு வாணிகனாக மாறிய பாதையும் ஒன்றே எனலாம்.

புகையிலையின் நிலை தனித்துக் குறிப்பிடத்தக்கது. திருவிதாங்கூருக்கு வேண்டிய புகையிலை யாழ்ப்பாணம், திருநெல்வேலி, கோயம்புத்தூர் ஆகிய இடங்களிலிருந்து வந்தது. யாழ்ப்பாணத்துப் பயிர்க்குடிகளுக்குத் திருவிதாங்கூர் பெருஞ்சந்தை. அரசு குறைந்த விலைக்குக் கொண்டு உயர்ந்த விலைக்கு விற்றதால், கணவாயின் கீழ்ப்புறத்து விலைக்கும் மேற்புறத்து விலைக்கும் பெரும் இடைவெளி எழுந்தது. இடைவெளி இருக்குமிடத்தில் சுமப்பவனும் இருப்பான். தனியுரிமை கடத்தலை வளர்க்கிறது, அதனை அடக்க வைத்த காவற்படை குடிகளை அலைக்கழிக்கிறது என்பது திவான் தி. மாதவராவ் (பதவிக்காலம் 1858-1872) கொண்டிருந்த கருத்து. 1860இல் மிளகுத் தனியுரிமையும் 1863இல் புகையிலைத் தனியுரிமையும் நீக்கப்பட்டன; முன்னதற்கு ஏற்றுமதி வரியும் பின்னதற்கு இறக்குமதி வரியும் விதிக்கப்பட்டன. சௌக்கை மறையவில்லை, அதன் கணக்கேடு மட்டும் மாறியது.

1865இல் பிரிட்டிஷ் இந்திய அரசும் திருவிதாங்கூர், கொச்சி அரசுகளும் செய்துகொண்ட வாணிக உடன்படிக்கை இவ்வெல்லையின் வரலாற்றில் பெருந்திருப்பம். அதனால் மூன்று ஆட்சிப்பகுதிகளுக்கும் இடையே பெரும்பாலான பொருள்களுக்குச் சுங்கம் ஒழிந்தது. புகையிலை, உப்பு, அபினி, மதுவகைகள் ஆகியன விதிவிலக்காயின. உப்பின் விலையைப் பிரிட்டிஷ் பகுதியின் விலைக்கு இணையாக உயர்த்தத் திருவிதாங்கூர் ஒப்புக்கொண்டது. காரணம் வெளிப்படை. நாஞ்சில் நாட்டு உப்பளங்களின் உப்பு மலிவாக இருந்தால் அது கணவாய் கடந்து திருநெல்வேலிக்குப் போகும். அங்குப் பிரிட்டிஷாரின் உப்பு வருவாய் குறையும். கடத்தலைத் தடுக்க எல்லையில் காவல் கூட்டுவதற்கு மாறாக, எல்லைக்கு இப்பால் உள்ள ஏழையின் கஞ்சிக்கு உப்பு விலையை உயர்த்திவிட்டனர். வேலியை வலுப்படுத்தாமல் பயிரைக் கருக்கிய இத்தகைய தீர்வு மறுபடியும் பல வடிவங்களில் வந்தது.

புகையிலைக்கான காவல் நெடுநாள் நீடித்தது. கொல்லம் 1087ஆம் ஆண்டின் (1911-12) திருவிதாங்கூர்ப் புகையிலைச் சட்டத்தின்கீழ், அதனைக் கொண்டுவரவும் வைத்திருக்கவும் விற்கவும் உரிமம் தேவைப்பட்டது. 1950 ஏப்ரல் முதல் நாள் மத்திய நிதிச்சட்டத்தின் வழியாக மத்தியக் கலால் இப்பகுதிக்கும் விரிவுற்றது. அதன்பின்னும் திருவிதாங்கூர்-கொச்சி அரசு பழைய சட்டத்தின் பெயரால் உரிமக் கட்டணம் தண்டிவந்தது. பழைய புகையிலைச் சட்டங்கள் 1950இலேயே நீங்கிவிட்டன, தண்டப்பட்ட கட்டணம் உண்மையில் கலால் வரியே என 1962இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. பல ஆண்டுகள் இல்லாத சட்டத்தைக் காட்டி அரசு பணம் பெற்றிருந்தது. அரசின் அச்செயலுக்கு மொழிவழக்கு பெயர் எதுவும் வைக்கவில்லை என்பதை ஒரு மொழியியலாளன் குறித்து வைக்கலாம்.

3. கோடு நகர்ந்தது

திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், தமிழர் வாழும் தென்வட்டங்களைச் சென்னை மாநிலத்தோடு இணைக்கவேண்டுமெனப் போராடியது. அதன் கோரிக்கைப் பட்டியலில் நெய்யாற்றின்கரை வட்டமும் இருந்தது. 1954 ஆகஸ்ட் 11ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து உயிர்கள் பலியாயின. மாநிலச் சீரமைப்புக்குப்பின் 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. செங்கோட்டையின் ஒரு பகுதி திருநெல்வேலியோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது.

எல்லை ஆரல்வாய்மொழியிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் மேற்கே நகர்ந்து களியக்காவிளையில் நின்றது. முன்னைய எல்லை மலை வகுத்தது. ஒரு வாயிலை அடைத்தால் வழி அடைபடும். புதிய எல்லை இரு வட்டங்களின் நிருவாகக் கோடு. அதனை அடைக்க வாயில் என எதுவுமில்லை. ஊர்ப்பெயர்களே நிலத்தின் இயல்பைக் காட்டும். களியக்காவிளை, இஞ்சிவிளை, காக்கவிளை, நித்திரவிளை, அமரவிளை என எல்லையின் இருபுறமும் 'விளை' என முடியும் பெயர்கள் நிறைந்துள்ளன. விளை என்பது வயலுக்கு மாறான மேட்டுத் தோட்டநிலம். தென்னையும் பலாவும் மரச்சீனியும் நிற்குமிடம். ஒரு விளையிலிருந்து அடுத்த விளைக்குச் செல்ல இடையே ஊடுவழி உண்டு; அவ்வழிக்குச் சாவடி இல்லை. நெடுஞ்சாலையை விட்டால் ஊரம்பு, பளுகல், பனச்சமூடு, கொல்லங்கோடு எனச் சிற்றூர்ச் சாலைகள் பல எல்லையைத் தாண்டுகின்றன. கேரள அரசின் மதுவிலக்கு, வணிகவரிச் சாவடிகள் எல்லையிலிருந்து சற்று உள்ளே அமரவிளையில் அமைந்தமைக்கு இந்நில இயல்பும் ஒரு காரணமாகலாம். (சரக்கு, சேவை வரி நடைமுறைக்கு வந்த 2017 ஜூலையோடு வணிகவரிச் சாவடிகளின் காலம் முடிந்தது.)

4. ஒரே மூட்டை, ஐந்து காலங்கள்

திருவிதாங்கூர் தன் தேவைக்குப் போதிய நெல் விளைவிக்காத நாடு. பர்மா அரிசியை நம்பியிருந்தது. 1942இல் பர்மா ஜப்பானியர் கையில் வீழ்ந்தபோது அரிசி வரத்து நின்று பஞ்சம் தலைகாட்டியது. அவ்வேளையில் நாட்டின் நெற்களஞ்சியமாக விளங்கியது நாஞ்சில் நாடு. 1906இல் நிறைவுற்ற பேச்சிப்பாறை அணையின் நீர் அதற்கு உறுதுணை. 1956இல் அக்களஞ்சியம் கோட்டுக்கு அப்பால் போயிற்று. உண்பவர் ஒரு மாநிலத்திலும் விளைநிலம் மறு மாநிலத்திலும் ஆயினர். எனினும் கோடு வரைந்ததால் மட்டும் எவரும் குற்றவாளியாகவில்லை. அரசியலமைப்பின் 301ஆம் உறுப்பு இந்திய நிலப்பரப்பு முழுவதும் வாணிகம் தடையின்றி நடைபெறும் என்கிறது. அடுத்துவரும் உறுப்புகள் அதற்கு விலக்குகளை வகுக்கின்றன. அவ்விலக்குகளின் வழியாகவே தடை வந்தது.

நாஞ்சில் நாட்டு அரிசி மூட்டை ஒன்றைப் பாறசாலைச் சந்தைக்குக் கொண்டுசெல்லும் ஒருவரைக் கற்பித்துக்கொள்வோம். 1955இல் அவர் தம் நாட்டுக்குள்ளேயே செல்லும் வணிகர். 1957 ஜூலையில் சென்னை, ஆந்திரம், மைசூர், கேரளம் ஆகிய நான்கும் சேர்ந்து தென்மண்டலமாக அமைந்தன. மண்டலத்துக்குள் அரிசி தடையின்றிச் செல்லலாம். ஆகவே 1958இல் அவர் மாநிலம் கடந்து வாணிகம் செய்பவர், குற்றம் ஏதுமில்லை. 1964இல் தென்மண்டலம் கலைக்கப்பட்டு ஒவ்வொரு மாநிலமும் தனி மண்டலமாயிற்று. உபரி மாநிலம் தன் அரிசியை வெளியே விட மறுத்தது; பற்றாக்குறை மாநிலமான கேரளம் பங்கீட்டை விரிவாக்கி, 1966இல் கேரளப் பங்கீட்டு ஆணையைப் பிறப்பித்தது. 1965இல் அதே மூட்டை, அதே சாலை, அதே ஆள். இப்போது அவர் கடத்தல்காரர். 1977இல் ஜனதா ஆட்சிக்காலத்தில் மண்டலத் தடைகள் தளர்ந்தபோது அவர் மீண்டும் வணிகரானார்.

ஐந்தாவது காலம் நியாயவிலை அரிசியின் காலம். இதில் விலை இடைவெளியை உண்டாக்கியது விளைச்சல் அன்று. இரு அரசுகளின் கொள்கை. மத்திய அரசு 1997இல் இலக்குசார் பொது வழங்கல் முறையைக் கொண்டுவந்தபோது கேரளத்தின் பரந்த பங்கீட்டு முறை வறுமைக்கோட்டால் இரண்டாகப் பிளந்தது. தமிழ்நாடு அனைவருக்குமான முறையைக் கைவிடவில்லை. 2006இல் கிலோ 2 ரூபாய். 2008 செப்டம்பரில் 1 ரூபாய். 2011 ஜூன் முதல் விலையில்லா அரிசி. கோட்டுக்கு இப்பால் விலையில்லாத ஒரு பண்டத்துக்கு அப்பால் விலையிருந்தது. குடும்ப அட்டைதாரரிடமிருந்து சிறுசிறு அளவில் வாங்கப்படும் அரிசி ஓரிடத்தில் சேர்ந்து, சொகுசுக் கார் முதல் மீன்வண்டிவரை எதிலேனும் ஏறிக் களியக்காவிளை வழியே செல்கிறது. 1979இல் திறக்கப்பட்ட நாகர்கோவில் - திருவனந்தபுரம் இருப்புப்பாதையில் ஓடும் பயணிகள் வண்டிகளும் இதற்குப் பயன்பட்டு வருகின்றன. அப்பால் அது தீட்டப்பட்டுப் புதுப்பெயரோடு சந்தைக்கு வருவதாகச் செய்திகள் கூறும்.

இவ்வைந்தாம் காலத்துச் செயல் முன்னதனினும் வேறானது என்பதை ஒப்பவேண்டும். 1965இல் விற்றவர் தம் நெல்லை விற்றார். இன்று செல்வது பொதுப்பணத்தில் ஏழையின் பெயரால் ஒதுக்கிய அரிசி. அதனைப் பாதுகாக்க அரசுக்கு உரிமையுண்டு. ஆயினும் மொழிவழக்கு இவ்விரண்டையும் வேறுபடுத்தவில்லை.

5. தண்டனை

இந்தியச் சுங்கச் சட்டம் (1962) கடத்தலுக்கு வரையறை தருகிறது. அது நாட்டின் எல்லையைத் தாண்டும் பொருளைப் பற்றியது, பாறசாலைக்குப் பொருந்தாது. அரிசி வழக்குகளுக்கு அடிப்படையான 1955ஆம் ஆண்டின் இன்றியமையாப் பண்டங்கள் சட்டம் தண்டிப்பது, அச்சட்டத்தின் 3ஆம் பிரிவின்கீழ்ப் பிறப்பித்த ஆணையை மீறுதலை. தமிழ்நாட்டில் அவ்வாணை, பட்டியலிட்ட பண்டங்களை அட்டைமுறையில் வழங்குவதை ஒழுங்குபடுத்தும் 1982ஆம் ஆண்டின் ஆணை. நாளிதழின் தலைப்பில் கடத்தல் என்று வருவது குற்றப்பத்திரிகையில் 1982ஆம் ஆண்டு ஆணையோடு சேர்த்துப் படிக்கப்படும் 7(1)(அ)(2)ஆம் பிரிவாக உருமாறும். அவ்வாணை தமிழ்நாட்டுக்கு மட்டுமே உரியது. எனவே பிடிக்க விரும்புவோர் கோட்டுக்கு இப்பாலேயே பிடித்தாக வேண்டும். குடிமைப்பொருள் குற்றப் புலனாய்வுத் துறையும் வருவாய்த்துறைப் பறக்கும் படையும் களியக்காவிளைக்கு முன்னரே வண்டிகளை மறிப்பதன் பொருள் இதுவே.

7ஆம் பிரிவின்படித் தண்டனை மூன்று மாதத்துக்குக் குறையாமலும் ஏழாண்டு வரையிலும் சிறை, அபராதமும் உண்டு. தக்க தனிக்காரணங்களைப் பதிவுசெய்து நீதிமன்றம் மூன்று மாதத்துக்கும் குறைக்கலாம். மறுமுறை குற்றம் செய்தால் குறைந்த அளவு ஆறு மாதம். உரிமம் உண்டென்றால் அதனை மெய்ப்பிக்கும் பொறுப்பு குற்றஞ்சாட்டப்பட்டவருடையது. குற்றமனம் இருந்ததாகவே நீதிமன்றம் முதலில் கொள்ளும். தொடர்ந்து ஈடுபடுவோரை 1980ஆம் ஆண்டின் கள்ளச்சந்தைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் விசாரணையின்றி ஆறு மாதம்வரை தடுப்புக் காவலில் வைக்கலாம்.

இவற்றினும் ஆழ்ந்து நோக்கத்தக்கது 6அ பிரிவு. வழக்குத் தொடரப்பட்டாலும் தொடரப்படாவிட்டாலும் மாவட்ட ஆட்சியர் பண்டத்தையும் அதனைச் சுமந்த விலங்கையும் ஊர்தியையும் பறிமுதல் செய்யலாம். ஆனால் வாடகைக்கு ஓடும் ஊர்தியாயின், பறிமுதலுக்கு மாற்றாக அபராதம் செலுத்தும் வாய்ப்பை உரிமையாளருக்குக் கொடுத்தாக வேண்டும். அவ்வபராதத்தின் உச்சம் ஊர்தியின் மதிப்பன்று; அது சுமந்த பண்டத்தின் அந்நாளைய சந்தை விலை. தம் அறிவுக்கு எட்டாமல் நடந்தது, தக்க முன்னெச்சரிக்கை கொண்டிருந்தேன் என மெய்ப்பித்தால் அதுவும் இல்லை. பல இலட்சம் பெறும் வண்டி சில ஆயிரம் ரூபாயில் மீளக்கூடும். ஓட்டுநருக்கு மூன்று மாதத்திலிருந்து கணக்குத் தொடங்கும். சட்டத்தின் நோக்கம் இதுவென்று கூறுவதற்கில்லை. ஆனால் அதன் நடைமுறை விளைவு சுமப்பவன்மேல் மிகுதியாகவும் சுமக்கச் செய்பவன்மேல் குறைவாகவும் விழுகிறது. இலக்கண நூலார் மொழியில் கூறுவதாயின், இயற்றுதற் கருத்தாவுக்குச் சிறை, ஏவுதற் கருத்தாவுக்கு அபராதம். 'கடத்து' என்னும் பிறவினை உண்மையில் பொருந்துவது ஏவுபவனுக்கே. தமிழகத்தின் வானூர்தி நிலையங்களில் பிறருக்காகப் பொருள் சுமந்து வருபவரைக் 'குருவி' என்பர். கூடு கட்டுவதற்கு அலகால் சிறிது சிறிதாகக் கொண்டுவரும் உயிர். அப்பெயரை வைத்தவர் சட்டம் செய்தவரினும் நுட்பமாக நோக்கியிருக்கிறார்.

எதிர்த்திசையில் மதுவின் வரலாறு தனிக்கட்டுரைக்கு உரியது; ஒன்றிரண்டு மட்டும் கூறலாம். கேரளத்தில் 1996 ஏப்ரல் முதல் சாராயம் தடைசெய்யப்பட்டது. 1997இல் திருத்தப்பட்ட அப்காரிச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, பத்தாண்டுவரை சிறையும் ஓர் இலட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்கிறது. ஒரு குப்பி வைத்திருந்த கூலியாளுக்கும் நூறு கன்னாசு எரிசாராயம் கொண்டுவந்தவருக்கும் அபராதத்தின் அடித்தளம் ஒன்றே. போதைப்பொருள் சட்டம் (1985) இவ்வகையில் மாறுபட்டது: அங்குத் தண்டனை எடைக்கல்லால் அளக்கப்படுகிறது. கஞ்சா ஒரு கிலோவரை சிற்றளவு, ஓராண்டுவரை சிறை. அதற்குமேல் 20 கிலோவுக்கு மேற்படாத அளவுக்குப் பத்தாண்டுவரை. 20 கிலோவுக்கு மேற்பட்டது வணிக அளவு, பத்தாண்டுக்குக் குறையாமல் இருபதாண்டுவரை. அமரவிளைச் சாவடியில் இத்தராசின் முள் அசைவதைப் பொறுத்து ஒருவரின் இளமை முழுவதும் போகலாம்.

6. மகசரின் மொழி

வழக்கின் முதல் ஆவணம் கைப்பற்றுதல் மகசர். அரபு மூலத்தினின்று வந்த இச்சொல், தமிழில் மக்கள் பலர் ஒப்பமிட்டு அரசுக்குக் கொடுக்கும் விண்ணப்பத்தையும் (மகஜர்) குறிக்கும்; காவல்துறை வழக்கில் மட்டுமே கைப்பற்றுதல் குறிப்பாகும். மலையாளத்தில் பின்னைய பொருளே ஓங்கியது. 'மகஜர் கொடுத்தோம்' என்று பெருமையோடு பேசும் தமிழர், நெய்யாற்றின்கரை நீதிமன்ற வளாகத்தில் 'மகசர் எழுதினார்கள்' என்பதைக் கேட்டால் முதலில் தமக்கு ஆதரவான ஏதோ ஒன்று எனக் கருத இடமுண்டு.

இம்மகசர் அமரவிளையில் மலையாளத்திலும் களியக்காவிளையில் தமிழிலும் எழுதப்படுகிறது. பிடிபடுவோர் இருமொழியும் பேசுபவர்; ஆனால் இரண்டையும் வாசிப்பவர் அரியர். விளவங்கோட்டுத் தமிழர் மலையாளம் பேசுவார், எழுத்து தெரியாது. பாறசாலைக்காரர் தமிழ் பேசுவார், எழுத்து தெரியாது. குற்றஞ்சாட்டப்பட்டவருக்குப் புரியாத மொழியில் சாட்சியம் அளிக்கப்பட்டால் திறந்த நீதிமன்றத்தில் அவருக்குப் புரியும் மொழியில் பெயர்த்துரைக்க வேண்டும் எனக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (1973) 279ஆம் பிரிவு வகுத்தது. 2024 ஜூலை முதல் அதன் இடத்தைப் பிடித்துள்ள புதிய சட்டத்திலும் இப்பாதுகாப்பு தொடர்கிறது. அப்பிரிவு காப்பது செவியை. தாளில் இருப்பதைத் தாமே படித்தறிந்து கையொப்பமிடும் நிலையை அது தருவதில்லை.

சொற்றேர்வும் அங்கேயே நிகழ்ந்துவிடுகிறது. இவ்வட்டாரத்தில் ஒருவர் தம் செயலைக் கூறும்போது இயல்பாக வருவன 'கொண்டு போதல்', 'ஏற்றிவிடுதல்', 'எடுத்துக் கொடுத்தல்' போன்றவை. கூட்டுவினைகளான இவற்றில் பழியில்லை. யாருக்காக என்னும் கேள்விக்கு இடம் திறந்தே இருக்கும். எழுதுபவர் கையில் இவை அனைத்தும் 'கடத்திச் செல்லுதல்' என்னும் ஒன்றாகச் சுருங்கும்போது அக்கேள்வி மூடப்படுகிறது. காவல் அலுவலரிடம் கூறிய ஒப்புதல் நீதிமன்றத்தில் சான்றாகாது என்பது உண்மையே. ஆயினும் அடுத்து எழுதப்படும் ஆவணங்கள் அனைத்தும் அவ்வினையையே எடுத்தாள்கின்றன. மாலை நாளிதழும் அதையே அச்சிடுகிறது.

ஆளே கிடைக்காத வழக்குகளும் பல. ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிட்டு ஓடிவிடுவார். தொடர்வண்டியின் இருக்கைக்கு அடியில் மூட்டை மட்டும் இருக்கும். மூட்டைகள் காப்புக்காட்டு நுகர்பொருள் வாணிபக் கழகக் கிட்டங்கிக்குச் செல்லும். கிடங்கு என்று வடமாவட்டத்தார் கூறுவதைத் தென்பாண்டி, நாஞ்சில் வழக்கு கிட்டங்கி என்கிறது. இத்தகைய பொருளைத் தமிழ்ச் செய்திகள் 'கேட்பாரற்றுக் கிடந்தது' என எழுதும். கைப்பற்றிய வழக்குப்பொருளுக்கு மலையாளத்தில் 'தொண்டி' அல்லது 'தொண்டிமுதல்' என்று பெயர். தமிழில் தொண்டி என்பது உரியவன் இன்றி அலையும் மாடு. தொண்டிமாட்டைப் பிடித்தால் பட்டியில் அடைப்பர். உடையவன் வந்து கட்டணம் செலுத்தினால் அவிழ்த்து விடுவர், வராவிட்டால் ஏலம்.